விதையில்லாப் பழமெல்லாம் மரபணு மாற்றியதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, சந்தையில் வாங்கின பப்பாளியை அறுத்தால் உள்ளே நாலைந்து விதைதான் இருந்தது, சதையும் நல்ல சிவப்பு. இது மரபணு மாற்றிய பழம், பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று மயினி சொன்னதால் குப்பையில் போட்டுவிட்டேன். செய்தது சரிதானா?
– வாசகி, திங்கள்சந்தை

பதில்: நல்ல பழத்தை வீணாக்கிவிட்டீர்கள் தங்கச்சி. நம் ஊரில் சிவப்பாக விற்பது பெரும்பாலும் ரெட் லேடி. அது தைவானில் உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம், மரபணு மாற்றியது கிடையாது. மகரந்தம் சரியாகச் சேராமல் காய்த்த பப்பாளியில் விதை குறைவாகத்தான் இருக்கும். ஹவாய்த் தீவில் வளையப்புள்ளி வைரஸ் நோய் தோட்டங்களை அழித்தபோது அதைத் தாங்கும் மரபணு மாற்றிய பப்பாளியை 1998-ல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள், அந்தச் செய்திதான் சுற்றிச் சுற்றி நம் வாட்ஸ்அப்புக்கு வந்து எல்லாப் பப்பாளி மேலும் பழியாக விழுந்திருக்கிறது. விதையில்லாத தர்பூசணியும் இப்படித்தான், குரோமோசோம் மூன்று தொகுப்பாக இருப்பதால் அதில் விதை பிடிப்பதில்லை, நாம் தலைமுறை தலைமுறையாகத் தின்னும் செவ்வாழைக்கும் ஏத்தனுக்கும் அதே கணக்குத்தான். திசு வளர்ப்பு வாழைக்கன்றையும் பலர் சந்தேகப்படுகிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்த கன்று என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

இந்தியாவில் விவசாயிகள் வணிகரீதியாகப் பயிரிட அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான், அதுவும் 2002-ல் வந்தது. பழக்கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது கார்பைடு கல்லை. அதை வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது, எத்திலின் வாயுவுக்கு மட்டும் அளவோடு அனுமதி. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து உள்ளே காயாக இருந்தால் அந்தக் கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: சார், நான் தாவரவியல் படிக்கிறேன். மரபணு மாற்றிய உணவால் உடலுக்குக் கூடுதல் ஆபத்து என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் 2016 அறிக்கையே சொல்கிறது. அப்புறம் ஏன் நீங்கள் எழுதும்போதெல்லாம் எச்சரிக்கை என்கிறீர்கள்? அறிவியலுக்கு எதிரானவரா நீங்கள்?
– மாணவர், மார்த்தாண்டம்

பதில்: அந்த அறிக்கையை நானும் மதிக்கிறேன் தம்பி. தின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. பி.டி. கத்திரியை எடுத்துக்கொள்வோம். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணு அதில் இருக்கிறது, அது உண்டாக்கும் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும், நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. இவ்வளவும் சரி. ஆனால் விவசாயியின் கேள்வி சாப்பாட்டுத் தட்டோடு முடிவதில்லை, விதை யார் கையில் இருக்கிறது, அடுத்த பூவுக்கும் (போகத்துக்கும்) அது என் கையில் இருக்குமா என்பதும் அவர் கேட்க வேண்டியதுதான்.

பருத்தியில் என்ன நடந்தது என்று பாருங்கள். இங்கே பி.டி. பருத்தியை வீரிய ஒட்டு ரகங்களாகவே இறக்கினார்கள், ஒட்டு ரகத்தில் விதை எடுத்துப் போட்டால் அதே குணம் வராது, அதனால் ஆண்டுதோறும் பாக்கெட் வாங்கியே ஆக வேண்டும். முதல் சில ஆண்டுகள் காய்ப்புழு அடங்கியது, மருந்துச் செலவு குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. குஜராத்தில் முதல் தலைமுறை பி.டி.யை அது தாண்டிவிட்டதாக 2010-லேயே ஒப்புக்கொண்டார்கள், அதற்குப் பின் ஒரு பத்தாண்டுக்குள் இரண்டாம் தலைமுறைக்கும் அது அடங்கவில்லை. மறுபடி மருந்துதான்.

பங்களாதேஷ் வேறு வழியில் போனது. அங்கே அரசு ஆராய்ச்சி நிறுவனமே பி.டி. கத்திரியை விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகங்களாக 2014 முதல் விவசாயிகளுக்குக் கொடுத்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான், ஆனால் கொடுத்த விதத்தில் எவ்வளவு வித்தியாசம்! இந்தியாவில் 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பி.டி. கத்திரிக்கு ஒப்புதல் கொடுத்தும், ஏழு ஊர்களில் மக்களைக் கேட்ட பிறகு 2010 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். கத்திரியின் காட்டு உறவுகள் நிறைய இருக்கும் நாடு இது, நம் வீட்டு முற்றத்தில்கூட கத்திரி வகையான வழுதலங்காய்ச் செடி நிற்கிறது, பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் வேலி பார்த்து நிற்காது. தம்பி, உங்களைப் போல் படித்தவர்கள் எங்கள் கேள்வியை அறிவியலுக்கு எதிரி என்று தள்ளிவிடாமல், வெளியிடும் முன்பே எல்லாத் தரவையும் பொதுவில் வையுங்கள் என்று கூடவே கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கேள்வி: மரபணு திருத்திய நெல் வந்துவிட்டதாமே, கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகத்துக்கு) போடலாமா?
– விவசாயி, பூதப்பாண்டி

பதில்: 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு ரகங்களை அறிவித்தது. கமலா என்பது சம்பா மசூரியிலிருந்து வந்தது, மற்றது பூசா டிஎஸ்டி ரைஸ் 1. வேறு உயிரின் மரபணு எதையும் இவற்றில் சேர்க்கவில்லை, நெல்லின் சொந்த மரபணுவிலேயே திருத்தம் செய்திருக்கிறார்கள், அதனால் 2022-ல் கொடுத்த விலக்கின்படி மரபணு மாற்றுப் பயிருக்கான கடுமையான விதிகள் இவற்றுக்குக் கிடையாது. இந்த விலக்குத்தான் எனக்கு உறுத்துகிறது. விளைச்சல் கூடும், சீக்கிரம் முற்றும் என்கிறார்கள், அது நம் தோவாளை, பூதப்பாண்டி வயலில் நடக்குமா என்பதைத் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மேலும் சம்பா மசூரி சன்ன ரகம், நம் ஆட்களுக்குக் குண்டரிசிச் சோறு வேண்டும், யாருக்கு விற்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் எண்ணெயில் மரபணு மாற்று உண்டா?
– வாசகர், தக்கலை

பதில்: உண்டு, இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அர்ஜென்டினா, பிரேசிலில் இருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெய் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவில் எடுத்தது. உள்நாட்டுப் பருத்திக்கொட்டை எண்ணெயும் பி.டி. பருத்தியில் வருவதுதான். சுத்திகரித்த எண்ணெயில் புரதமும் மரபணுவும் கிட்டத்தட்ட மிஞ்சாது, அதனால் பயப்பட வேண்டியதில்லை. ரேஷன் பாமாயிலிலும் செக்குத் தேங்காய் எண்ணெயிலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் எது எதில் எடுத்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். மரபணு மாற்று உணவுப் பொட்டலத்தின் முகப்பில் 'ஜிஎம்' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதலே இருக்கிறது, அப்படி அச்சிட்ட ஒரு பொட்டலத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: ரப்பரிலும் மரபணு மாற்றம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் தேன்பெட்டி எல்லாம் ரப்பர் தோட்டத்தில்தான் இருக்கிறது. தேனுக்கு ஏதாவது ஆகுமா அண்ணாச்சி?
– தேனீ வளர்ப்பவர், அருமனை

பதில்: அருமையான கேள்வி. கோட்டயத்தில் உள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையம் குளிரையும் வறட்சியையும் தாங்கும்படி உருவாக்கிய ரப்பரை 2021 ஜூனில் அசாமில், குவாஹாத்திக்குப் பக்கத்தில் சோதனைக்காக நட்டார்கள், கேரளத்தில் நட மாநில அரசு சம்மதிக்கவில்லை. நம் குலசேகரம், அருமனை தோட்டங்களில் நிற்பது பழைய ஒட்டுக்கன்றுகள்தான், உங்கள் தேனுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.

ரப்பர் தேன் பூவில் வருவதைவிட, இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரப்பதுதான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அந்தச் சோதனையில் மரப்பாலை மட்டும் பார்த்தால் போதாது, தளிர்ச் சுரப்பையும் தேனையும் பரிசோதிக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு தேனீ வளர்ப்பவர் பக்கத்து வயலின் மரபணு மாற்றிய மக்காச்சோள மகரந்தம் தன் தேனில் கலந்ததற்காக வழக்குப் போட்டு, 2011-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய், அந்தத் தேனுக்கும் தனி அனுமதி தேவை என்று தீர்ப்பு வாங்கினார். நம் பக்கம் நடுவதற்கு எப்போதாவது யோசனை வந்தால், ரப்பர்காரர்களோடு தேன் சங்கத்தையும் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் இப்போதே ஒரு தீர்மானம் போட்டு ரப்பர் வாரியத்துக்கு அனுப்புங்கள்.