மயிலையும் செவலையும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவோடு கிளம்பிவிடுவேன். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ யாரோ எடுத்த படம் மாதிரியே தெரிகிறது. எனக்கென்று ஒரு பாணி வர என்ன செய்யட்டும்? 35 எம்.எம். லென்ஸுக்கு மாறலாமா? கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கலாமா? சென்னையில் ஏதாவது கோர்ஸில் சேரட்டுமா? எங்கள் அப்பாருவும் (அப்பாவின் அப்பா) மாடு வைத்திருந்தவர்தான். எல்லாவற்றையும் விற்று வெகுநாளாகிவிட்டது.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

லென்ஸ், கறுப்பு வெள்ளை, கோர்ஸ் மூன்றையும் ஓரமாக வையுங்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரே 50 எம்.எம். லென்ஸில் காலம் தள்ளியவர். கையில் இருப்பது போதும்.

இரண்டாவது படத்தில் நிற்பது சாம்பல் நிற மயிலைக் காளை. அதை எதற்குச் சிவந்த செவலை ஆக்கினீர்கள்? எல்லாப் படத்துக்கும் ஒரே பிரீசெட்டை, அந்த ரெடிமேட் நிறமாற்றத்தைப் போட்டு மண்ணையும் மாட்டையும் மனிதர்களையும் ஒரே ஆரஞ்சில் முக்கியிருக்கிறீர்கள். காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செம்மையாக இருக்கும். ஆறு மாதம் போல ஆனால் சாம்பலுக்கு மாறும். காளைக்குக் கழுத்திலும் திமிலிலும் தொடையிலும் கருமை ஏறும். காயடித்துவிட்டால் அந்தக் கருமை வெளுத்துப்போகும். கன்றா, இனப்பெருக்கத்துக்கு விடும் பூச்சிக்காளையா, வண்டி எருதா என்று சந்தைக்கு வருகிற பெரியவர்கள் தூரத்திலிருந்தே படித்துவிடுகிற சேதி அந்த நிறத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அதை அழித்துவிட்டு, படத்தில் ஏதோ குறைகிறது என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அம்மாவைப் பெற்ற எங்கள் அப்புச்சி மாடு பார்க்கப் போகும்போது சின்ன வயதில் நானும் கூடப் போவேன். எடுத்ததும் மாட்டின் முன்னால் போய் நிற்கமாட்டார். நடத்திக் காட்டச் சொல்லிப் பின்னாலிருந்து கால் போடுவதைப் பார்ப்பார். அப்புறம் பக்கவாட்டில் வந்து முதுகைத் தடவி முடிச்சுழி பார்ப்பார். வயதுக்காக வாயைப் பிரித்துப் பல் பார்ப்பது கடைசியில்தான். விலை பேசும்போது துண்டுக்குள் தரகரின் விரல்களைப் பிடித்திருப்பார், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். அந்தக் கைகளுக்கு மேலே துண்டு லேசாக அசைவது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. எங்கே நிற்பது, எதற்குக் காத்திருப்பது என்று அவருக்குத் தெரியும். உங்கள் எல்லாப் படத்திலும் மாடு நேர் எதிரே, கீழிருந்து, கொம்பு பெரிதாக நிற்கிறது. அந்த மாட்டை நீங்கள் போனில், பிறர் எடுத்த படங்களில்தான் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பக்கவாட்டுப் படம்கூட இல்லையே தம்பி!

ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று ஒரு தம்பதி. 1959 முதல் பல பத்தாண்டுகள் சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் இரும்பு உருக்கும் ஊதுலைகளையும் படம் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளில், நிழல் விழாமல், நேராக நிறுத்தி எடுத்த படங்கள். பெர்ன்ட் முதலில் அவற்றை வரைந்துகொண்டிருந்தவர். வரைந்து முடிப்பதற்குள் இடித்துவிடுகிறார்களே என்றுதான் கேமராவைத் தொட்டார். கட்டடத்தின் ஒரு போல்ட்டும் இருட்டில் மறையக்கூடாது என்றால் அந்த வெளிச்சத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். இன்று யார் பார்த்தாலும் பெஷர் படம் என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் கேட்ட பாணி இப்படித்தான் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசி இரண்டு வரிதான். அப்பாருவின் மாடுகள் எந்தக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்தன? கிளுவை வேலி இருக்கிறதா, பிடுங்கிவிட்டுக் கம்பி போட்டுவிட்டார்களா? மழை பெய்தால் கொழுக்கட்டைப்புல் இன்னும் வருகிறதா? வெள்வேல மரங்கள் நிற்கின்றனவா? கட்டுத்தறி இருந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது, உங்கள் பைக்கா? அந்த மாடுகளை வாங்கிப்போனவர் எந்த ஊர்? இத்தனையும் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை விட்டுவிட்டுச் சொந்தச் சீமையின் சந்தைக்கே வெளியூர்க்காரர் மாதிரி வந்து போயிருக்கிறீர்கள். கோபம்தான் வந்தது. உங்களுக்குக் கண் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

சித்திரையில் கண்ணபுரத்தில் மறுபடி சந்தை கூடும். அதற்குள் ஊருக்குப் போய்ப் பக்கத்துத் தோட்டத்து மாடுகளையாவது எடுங்கள். பிரீசெட் வேண்டாம். நாலைந்து படத்தைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். என்ன நிறம், எத்தனை பல், யார் வீட்டு மாடு என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதியிருக்க வேண்டும்.