பென்ஸ் காரில் மகள் பெயர்

கேள்வி: மெர்சிடிஸ் பென்ஸ் காரைக் கண்டுபிடித்தவர் தன் மகள் பெயரையே காருக்கு வைத்தாராம், வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி நிஜம். மகள் பெயர்தான், ஆனால் காரைச் செய்தவரின் மகள் இல்லை, வாங்கி விற்றவரின் மகள்!

எமில் எல்லினெக் என்ற ஆஸ்திரிய வியாபாரி பிரான்ஸின் நீஸ் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனியின் டைம்லர் கம்பெனி கார்களை வாங்கிப் பெரிய பணக்காரர்களின் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். மனுஷருக்கு வேகப் பைத்தியம். 1899-இல் நீஸில் நடந்த ரேஸில் சொந்தப் பெயரைக் கொடுக்காமல் மகள் மெர்சிடிஸின் பெயரைக் கொடுத்துக் கலந்துகொண்டார். நம்மூர் லாரி நெற்றியில் மகள் பெயரை எழுதுகிற அதே பாசம்தான். மறு வருடம் அங்கேயே ஒரு மலையேற்றப் போட்டியில், டைம்லர் காரை ஓட்டிய அந்தக் கம்பெனி ஃபோர்மேன் விபத்தில் செத்துப்போனார். வண்டி அப்படி உயரம், வளைவில் நிற்காது. எல்லினெக் விடவில்லை. தாழ்வாக, நீளமாக, அகலமாக, பவர் கூட்டி ஒரு வண்டி செய்து கொடுங்கள், 36 வண்டியை நானே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என் மகள் பெயரை வைக்க வேண்டும் என்றார். மொத்தம் 5,50,000 மார்க். அவ்வளவு பெரிய ஆர்டரை யார் வேண்டாம் என்பார்கள்? டைம்லர் கம்பெனி இன்ஜினியர் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த அந்த 35 குதிரைத்திறன் கார் 1901 மார்ச்சில் நீஸ் போட்டிகளை அள்ளிக்கொண்டு போனது. 1902-இல் பெயரை டிரேட்மார்க் ஆக்கினார்கள். 1903-இல் எல்லினெக் தன் பெயரையே எல்லினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார், அதாவது மகள் பெயர் அப்பாவுக்கு இனிஷியல் மாதிரி ஆகிவிட்டது.

அர்த்தம்? ஸ்பானிஷில் கருணை, அருள். மாதாவின் பெயர்களில் ஒன்று. நம்மூர் மெர்சிகளுக்கும் இதே வேர்தான்.

சரி, பென்ஸ் எங்கிருந்து வந்தார்? 1886-இல் மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் வாங்கிய கார்ல் பென்ஸ், டைம்லருக்குப் போட்டிக் கம்பெனிக்காரர். 1926-இல் இரண்டு கம்பெனியும் ஒன்றானபோதுதான் பெயர்களும் ஒட்டின. நாம் என்னடாவென்றால் மெர்சிடிஸைக் கழற்றிவிட்டு 'பென்ஸ் கார்' என்கிறோம். டைம்லர் பெயர்தான் பாவம், வண்டியில் எங்கேயும் இல்லை.

கேள்வி: அந்த மூன்று முனை நட்சத்திரம்? – அதே வாசகர்

பதில்: அதில் கம்பெனியைத் தொடங்கிய டைம்லர் இருக்கிறார். தன் வீட்டுக்கு மேல் ஒரு நட்சத்திரத்தை வரைந்து மனைவிக்கு கார்டு அனுப்பியிருந்தார், அதை ஞாபகம் வைத்திருந்த மகன்கள் சொல்லி 1909-இல் பதிவு செய்தார்கள். முனைகள் நிலம், நீர், வானம், மூன்றிலும் டைம்லர் இன்ஜின் ஓட வேண்டும் என்ற ஆசை.