அந்தத் துப்பட்டாவைத் துவைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 62 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். அவன் குடியால் மருமகள் மனம் உடைந்துபோய், தாய்வீட்டில் இருந்து வைத்தியம் பார்க்கிறாள். 9 வயதுப் பேரனும் 5 வயதுப் பேத்தியும் மூன்று மாதமாக எங்களிடம் இருக்கிறார்கள். தேய்பிறை அஷ்டமி தவறாமல் அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்குப் போடுகிறவள் நான். பேரனோ, "உன் சாமிக்குக் காது கேக்காதா ஆயா?" என்கிறான். அவன் அம்மாவின் பழைய துப்பட்டாவைத் துவைக்கவும் விடுவதில்லை. சொந்தக்காரர்கள் ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்தத் துப்பட்டா. துவைக்காதீர்கள். அதில் இன்னும் அவன் அம்மாவின் வாசனை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலும் தலையணைப் பக்கத்திலேயே கிடக்கட்டும். என்றைக்காவது அவனே கொண்டுவந்து துவைக்கப் போடுவான்.

காது கேக்காதா என்று அவன் கேட்டதும் உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். அபச்சாரம் என்று அதட்டிவிடாதீர்கள். அவனும் யாருக்கும் தெரியாமல் வேண்டிப் பார்த்திருப்பான். அம்மா வரவில்லை, அந்தக் கோபம். "எனக்கும் அதே கேள்விதான் கண்ணு, நானும் அழுதுக்கிட்டேதான் விளக்குப் போடறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "நீ கும்பிட்டாத்தான் அம்மா வருவா" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். அம்மா வராத ஒவ்வொரு நாளையும் தன் தப்பாக நினைத்துக்கொள்வான். சாயங்காலம் வழக்கம்போல விளக்கேற்றி உட்காருங்கள். திரி திரிக்கப் பேத்தியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவன் திண்ணையிலேயே இருந்தாலும் சரி, வற்புறுத்த வேண்டாம்.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று மழுப்பினால் 9 வயதுப் பையன் நம்பமாட்டான். "அம்மாவுக்கு மனசுக்கு முடியல, வைத்தியம் நடக்குது, நாளாகும். அதுக்கு நீயும் பாப்பாவும் காரணம் இல்ல." இந்தக் கடைசி வார்த்தையை ஒருமுறை சொன்னால் போதாது, அடிக்கடி சொல்லுங்கள். மருமகளால் முடிகிற நாளில் போனில் பேசவையுங்கள். உங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அதைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால், "பெத்தவளே விட்டுட்டுப் போயிட்டாளா?" என்று பிள்ளைகள் எதிரிலேயே விசாரிப்பவர்கள் வருவார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. மருமகள் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

ஹாஸ்டல் இப்போது வேண்டாம். அம்மாவைப் பிரிந்தவனை ஆயாவிடமிருந்தும் பிரிக்க வேண்டுமா?

பள்ளிக்கூடம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இன்னும் சேர்க்காவிட்டால் நாளைக்கே அரசுப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு வருஷத்தின் நடுவிலும் இடம் தரவேண்டும். பெங்களூரிலிருந்து டிசி வரத் தாமதம் என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. கன்னடத்தில் படித்தவன் என்றால் தமிழ் எழுத்தில் தடுமாறுவான். முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும், உங்களுக்கும் அடுப்படியில் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும்.

செலவுக்குக் கூச்சப்படாமல் தர்மபுரி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. வருமானத்தையும் வீட்டு நிலைமையையும் விசாரித்துத்தான் முடிவு செய்வார்கள், ஆதாரையும் ரேஷன் கார்டையும் கையோடு கொண்டுபோங்கள். மகன் குடித்துவிட்டு வந்து பிள்ளைகளை இழுத்துப் போகப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். பெற்ற மகனாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

அடுத்த அஷ்டமிக்கு இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள். உள்ளே வரமாட்டேன் என்றால், அவன் தாத்தாவோடு வெளியே நிற்கட்டும். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவனுக்குக் கொடுங்கள்.