கேட்டது நீங்க, சொல்றது நான்: கார்ல் காக்ஸ் ஸ்பெஷல்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, ரேவ்ங்கற ராத்திரி முழுக்க ஆடற பெரிய நடனக் கூட்டங்கள்ல பேரெடுத்த இங்கிலாந்து டிஜே கார்ல் காக்ஸ் லாக்டவுன் நேரத்துல வீட்டுல இருந்து வாசிச்ச வினைல் (இசைத்தட்டு) மிக்ஸ் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விங்க வாளையாறுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டுல இருந்தும் வந்துட்டே இருக்கு, அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அவருக்குத்தான். சினிமா கேள்வி அனுப்புனவங்களுக்கு அடுத்த இதழ்ல பதில் வரும்.

அண்ணா, அந்த மிக்ஸைத் தேடிப் பாத்தேன், நெறைய பாகம் இருக்கு, எதுல ஆரம்பிக்கறதுன்னே தெரியல. அதுல அப்படி என்ன விசேஷம்?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, அதுக்கு அவரு வெச்ச பேரு கேபின் ஃபீவர். 2020ல எல்லாம் மூடிக் கெடந்தப்ப ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் இருக்கற தன் வீட்டுலயே இருக்க வேண்டியதாப் போச்சு அவருக்கு, வாரத்துக்கு ஒரு நாடுன்னு பறந்துட்டு இருந்த மனுஷன், கையில வேலை இல்ல, ஆனா ஆயுசு முழுக்கச் சேத்து வெச்ச ரிக்கார்டு லட்சத்துக்கு மேல இருக்கு, சரின்னு அதை எடுத்து வெச்சு நேரலைல வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஒரு தடவ ஃபங்க், சோல், இன்னொரு தடவ டிஸ்கோ, அப்பறம் ஹவுஸ், பழைய ரேவ், ஜங்கிள்னு நடன இசை வகை ஒவ்வொண்ணா போகும்.

நீ முதல்ல டெக்னோ, அதாவது முழுக்க மெஷின்ல பண்ற நடன இசை இருக்கற பாகத்துக்குப் போகாத. சோல், டிஸ்கோ பாகத்துல இருந்து ஆரம்பி. ஏன்னா அவரு அங்க இருந்துதான் ஆரம்பிச்சாரு. 1962ல ஓல்டம்ங்கற ஊர்ல பொறந்தவரு, குடும்பம் கரீபியன் தீவு பார்படோஸ்ல இருந்து இங்கிலாந்துக்கு வந்தது, வீட்டு விசேஷத்துல அப்பாவோட சோல் ரிக்கார்டை மாத்தி மாத்திப் போடறதுதான் சின்னப் பையனா இவருக்குக் கெடைச்ச வேலை. அப்பறம் டீன் ஏஜ்லயே மொபைல் டிஸ்கோ, அதாவது செட்டைத் தூக்கிட்டுப் போய் கல்யாணம் பார்ட்டின்னு போடறது. 1987 கடைசில லண்டன்ல ஷூம்னு ஒரு கிளப் தொடங்குச்சு, அங்கதான் ஆசிட் ஹவுஸ்ங்கற நடன இசை அலையே கெளம்புச்சுன்னு சொல்வாங்க, அதோட முதல் ராத்திரியிலயே இவரு இருந்தாரு.

இப்ப அந்த டிஸ்கோ பாகத்தைக் கேட்டுட்டு ஹவுஸ் பாகத்தைக் கேளு, அதே நாலு அடி தாளம், அதே பேஸ் (அடித்தொனி) நடை, ஆர்கெஸ்ட்ரா இருந்த எடத்துல மெஷின் உக்காந்திருக்கும். 1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோவுல ஒரு பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரிக்கார்டுகளைக் குவிச்சு வெடி வெச்சு அழிச்சாங்க, டிஸ்கோ செத்துப் போச்சுன்னு கூட்டம் கத்துச்சு. அதே சிகாகோவுல கறுப்பினப் பசங்களும் தன்பாலின நண்பர்களும் கூடுன கிளப்புகள்ல ஃப்ராங்கி நக்கிள்ஸ் மாதிரி டிஜேக்கள் அந்த இசையை விடாம வாசிச்சு, டிரம் மெஷின் சேத்து, ஹவுஸ்னு ஒண்ணு வந்துச்சு. அந்தக் கதையைப் புத்தகத்துல படிக்கறதை விட காக்ஸ் ரிக்கார்டை வரிசையா அடுக்கும்போது காதுலயே புரியும், எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது. 1995ல வந்த அவரோட ஃபேக்ட் மிக்ஸ் ஆல்பத்தைத்தான் நெறைய பேரு உச்சம்னு சொல்றாங்க, டெக்னோவுக்கு அது அருமைதான், ஆனா ஒரு மனுஷனோட முழு காதையும் கேக்கணும்னா எனக்கு இந்த வீட்டு மிக்ஸ்தான் பெருசு.

மூணு டெக்ல வாசிச்சாருன்னு பெருமையாச் சொல்றாங்களே, ரெண்டுக்கு பதில் மூணு, அவ்வளவுதானே?
– வாசகர், வேலந்தாவளம்

அவ்வளவு இல்லீங்க. 1989ல சன்ரைஸ்ங்கற பெரிய வெளிப்புற ரேவ்ல ஆயிரக்கணக்கான ஜனங்க முன்னாடி மூணு டர்ன்டேபிள், அதாவது ரிக்கார்டு சுத்தற டெக், வெச்சு வாசிச்சாரு, அந்த ஒரு தடவைல பேரு பரவிடுச்சு. ரெண்டு டெக்ல என்ன நடக்கும்னா, ஒண்ணு ஓடும், அடுத்ததை ஒரு காதுல ஹெட்போன் வெச்சு வேகம் சரி பண்ணி உள்ள விடுவாங்க. ஓடற பாட்டு நிமிஷத்துக்கு 128 தாள அடி, அடுத்தது 125ன்னா அதை 2.4 சதவீதம் ஏத்தணும், டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிள்ல அதுக்கு ஒரு ஸ்லைடர், மேல 8 கீழ 8 சதவீதம் வரை போகும், திரையில நம்பர் எல்லாம் வராது, காதுதான். மோட்டார்ல சுத்தற தட்டு, ஒரேடியா பூட்டி நிக்காது, மெல்ல மெல்ல விலகும், வெரலால தள்ளியும் தடுத்தும் பிடிச்சுட்டே இருக்கணும்.

மூணுன்னா? ரெண்டு பாட்டு சேந்து ஓடிட்டு இருக்கும்போதே மூணாவதுல வெறும் டிரம் இல்லன்னா ஒரு குரலை மட்டும் மேல போடறது. அப்ப எது விலகுதுன்னு கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. அதோட மூணு பேஸும் ஒண்ணா நின்னா கொழகொழன்னு ஆயிரும், ஒண்ணோட பேஸைத் திருகி எறக்கிட்டுத்தான் இன்னொண்ணை ஏத்தணும். இத்தனையும் கையில நடக்க, கண்ணு கூட்டத்து மேல இருக்கணும். அவரோட வீடியோவுல பாருங்க, குனிஞ்சே இருக்க மாட்டாரு, சிரிச்சுட்டு ஜனங்களைப் பாத்துட்டே இருப்பாரு.

எங்க வீட்டுல எல்லாரும் மேளக்காரங்க. ஒரே டும் டும்னு மணிக்கணக்கா போறதுல என்ன ரசனை இருக்குன்னு எங்க மாமா கேக்கறாரு, என்ன பதில் சொல்ல?
– செண்டை கத்துக்கறவர், பாலக்காட்டு சித்தூர்

மாமா கிட்ட பஞ்சாரி மேளத்தையே காட்டுங்க தம்பி. காலம்னா வேகத்தோட படி, முதல் காலத்துல தாளம் ஒரு சுத்துக்கு 96 அடி, அப்பறம் 48, 24, 12, கடைசில 6. முதல் காலத்துல நிக்கறவன் பொறுமையா நின்னாத்தான் அஞ்சாங் காலத்துல கை தானா மேல போகும், கடைசி பத்து நிமிஷத்தை மட்டும் வெட்டி போன்ல கேட்டா அந்த மயிர்க்கூச்செறிதல் வராதுன்னு மாமாவுக்கே தெரியும். நல்ல டிஜேயோட நீண்ட செட்டும் இப்படி ஏறறதுதான். வித்தியாசம் என்னன்னா மேளத்துல காலம் எப்ப மாறும்னு ஒரு கணக்கு இருக்கு, டிஜேவுக்கு அந்தக் கணக்கைக் கூட்டம்தான் தரும். ஸ்பெயினோட இபிசா தீவுல ஸ்பேஸ்னு ஒரு கிளப், அங்க காக்ஸ் 15 சீசன் வாராவாரம் வாசிச்சாரு, 2016ல அந்த எடத்தோட பேர்ல நடந்த கடைசி சீசன் வரைக்கும். தன்னோட கடைசி ராத்திரிக்கு வினைல் பெட்டிகளைக் கொண்டு வந்து மணிக்கணக்கா ரிக்கார்டு வெச்சே வாசிச்சாரு, பென் டிரைவ் கிடையாது. வேகமா அடிச்சுத் தள்ளறது எப்ப வேணா பண்ணலாம், அங்க அவரு மெதுவா வெச்சு காக்க வெக்கற எடம்தான் எனக்குப் பிடிச்சது.

சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கேன். இப்ப கன்ட்ரோலர்ல சிங்க் பட்டன் அமுக்குனா எல்லாம் தானா சேருது, பழைய வித்தை இனி எதுக்குங்க?
– கோபாலபுரம்

அமுக்குங்க, தப்பே இல்ல. காக்ஸும் சிடி பிளேயர், கம்ப்யூட்டர், டிரம் மெஷின் எல்லாத்தையும் அந்தந்தக் காலத்துல எடுத்துக்கிட்டவருதான், வினைலைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கல. ஆனா சிங்க் பட்டன் வேகத்தையும் அடியையும் மட்டும்தான் சேக்கும். அடுத்தது எந்தப் பாட்டு, அதை எந்த வரியில எறக்கணும், கூட்டம் களைச்சிருக்கா இன்னும் வேணுங்குதா, இது எதுவும் அதுக்குத் தெரியாது. உங்க தொழில்ல மாப்பிள்ளை வீடு மலையாளம், பொண்ணு வீடு தமிழ்னு பாதிக்குப் பாதி நிக்கற மண்டபம் எத்தனை பாத்திருப்பீங்க, அங்க ஒரு பக்கத்தை ஆட விட்டுட்டு இன்னொரு பக்கத்தை ஒக்கார வெச்சா அந்த ராத்திரி போச்சுங்க. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரு தாளத்தைப் பிடிச்சு மாறத் தெரிஞ்ச ஆளைத்தான் ஜனங்க அடுத்த கல்யாணத்துக்கும் தேடுவாங்க. இன்னொண்ணு, தயவு பண்ணி சத்தத்தைச் செவப்பு வெளக்கு எரியற வரைக்கும் ஏத்தாதீங்க, டிஸ்டார்ஷன்ல பேஸ் செத்துரும், மொத வரிசைல கொழந்தைங்க உக்காந்திருக்கும்.

ரேவ்னாலே போதைன்னு சொல்றாங்க. எம் பையன் டிஜே ஆகணும்ங்கறான், பயமா இருக்கு.
– ஒரு அம்மா, மீனாட்சிபுரம்

அக்கா, உங்க பயத்தை நான் லேசா எடுத்துக்கல. அந்தக் காலத்து ரேவ்ல எக்ஸ்டசி மாத்திரை இருந்துச்சு, அதுல பசங்க செத்தும் போனாங்க, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. லண்டனைச் சுத்திப் போற எம்25 ரோட்டுப் பக்கம் வயக்காட்டுலயும் காலி கொடவுன்லயும் அனுமதி இல்லாம நடக்கும், எடம் எதுன்னு கடைசி நேரத்துல போன்லதான் சொல்வாங்க. 1990ல அரசாங்கம் அப்படி அனுமதி இல்லாம நடத்தறவங்களுக்கான அபராதத்தை 20,000 பவுண்டு வரை ஏத்துச்சு. 1992ல இங்கிலாந்துல காசில்மோர்டன்ங்கற எடத்துல இருபதாயிரம் பேருக்கு மேல ஒரு வாரம் ரேவுக்குக் கூடுனதுக்கு அப்பறம், 1994 சட்டத்துல திரும்பத் திரும்ப வர்ற தாளம்னு இசையையே வர்ணிச்சு எழுதி போலீஸ்க்கு அதிகாரம் குடுத்தாங்க, அது எனக்கு இன்னிக்கும் அநியாயமாத்தான் படுது, போதையைத் தடுக்கலாம், தாளத்தை எப்படிங்க சட்டத்துல அடைக்கறது?

ஆனா பையனைப் பத்திக் கேட்டீங்க. இது காதையும் ஒடம்பையும் வெச்சுப் பண்ற தொழில், ராத்திரி முழுக்க நின்னு ஒவ்வொரு ரெண்டு மூணு நிமிஷத்துக்கும் ஒரு முடிவு எடுக்கணும், தள்ளாடுற ஆளால முடியாது. காக்ஸ் அறுபது தாண்டியும் வாசிக்கறாரு. பையனை மெரட்டாதீங்க, எங்க வாசிக்கறான், யாரோட போறான், எப்படித் திரும்பி வர்றான்னு கேளுங்க, முடிஞ்சா ஒரு நாள் நீங்களும் போய் நின்னு பாருங்க.

இந்த இசைக்கும் நம்ம நாட்டுக்கும் சம்பந்தமே இல்லையா?
– வாசகர், நல்லேப்பிள்ளி

இருக்கு. ஆசிட் ஹவுஸ்ல வர்ற அந்த நெளியற பேஸ் சத்தம் ரோலண்ட் டிபி 303ங்கற சின்ன பெட்டியில இருந்து வர்றது. மும்பை சினிமா ஆர்கெஸ்ட்ராவுல இருந்த சரண்ஜித் சிங் 1982லயே அதையும் 808 டிரம் மெஷினையும் வெச்சு ராகங்களை ஒரு ஆல்பமா வாசிச்சுட்டாரு, சிகாகோல ஆசிட் வர்றதுக்கு முன்னாடியே. அப்ப யாரும் கண்டுக்கல, 2010ல மறுபடி வெளியிட்டதுக்கு அப்பறம்தான் உலகம் வாயைப் பொளந்துச்சு. 2015ல காலமாகறதுக்குள்ள அந்த மரியாதையைப் பாத்துட்டாரேன்னு ஒரு ஆறுதல்.

அண்ணா, நான் பொண்ணு. டிஜே ஆகணும்னு ஆசை, வீட்டுல லேப்டாப் மட்டும்தான் இருக்கு. காக்ஸ் கிட்ட இருந்து நான் என்னத்தைக் கத்துக்க?
– ப்ளஸ் டூ மாணவி, வாளையாறு

அம்மணி, மொதல்ல இதைக் கேட்டுக்க: 1992லயே டிஜே பத்திரிகை ஓட்டெடுப்புல முதலிடம் வந்தது ஸ்மோக்கின் ஜோங்கற லண்டன் பொண்ணு. அதனால ஆகலாமான்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

காக்ஸ் கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது மூணு டெக் வித்தை இல்ல, அவரு ரிக்கார்டைத் தேடுன விதம். தனக்குப் பிடிச்சதைத் தேடித் தேடி வாங்கி, முழுசாக் கேட்டு, எந்தப் பாட்டுல எந்த எடத்துல டிரம் மட்டும் வரும்னு மனசுல வெச்சிருப்பாரு. இன்டெக்னு சொந்த லேபிள், அதாவது பாட்டு வெளியிடற கம்பெனி, தொடங்குனப்பவும் யாருக்கும் தெரியாத பசங்க பாட்டைக் கேட்டு எடுத்துப் போட்டாரு, இன்னிக்கு இருக்கற நெறைய டெக்னோ டிஜேக்கள் அவரைப் பெரியண்ணனா நெனைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

லேப்டாப் போதும். மிக்ஸ் (Mixxx)னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, இறக்கிக்க. இருபது பாட்டுக்கு மேல சேக்காத, அந்த இருபதையும் நெட்டுருவாத் தெரிஞ்சுக்க. ஒவ்வொண்ணுலயும் 32 அடி எண்ணிப் பழகு, 128 வேகத்துல அது 15 செகண்ட், பெரும்பாலும் அங்கதான் பாட்டு திரும்பும், அடுத்த பாட்டை அங்க எறக்குனா ஒட்டும். கொஞ்ச நாளைக்கு சிங்க்கை அணைச்சுட்டுக் காதால சேத்துப் பாரு. அரை மணி நேரம் வாசிச்சதை ரெக்கார்டு பண்ணி மறுநாள் காலைல கேளு, எங்க உறுத்துதோ அந்த மாத்தத்தை மட்டும் திரும்ப வாசி. ஒண்ணு திருப்தியா வந்ததும் இதழுக்கு அனுப்பு, முழுசாக் கேட்டுட்டு இதே பக்கத்துல எழுதறேன்.