அடைப்புக்குறிக்குள் போட்ட 13 வருடம்

கேள்வி: எனக்கு 19 வயதாகும்போது அம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தார். இப்போது சித்திக்கும் அதே நோய். எனக்கு 41 வயது. ரத்தத்திலேயே இருக்கிறதோ என்று பயம். மரபணுப் பரிசோதனை செய்தால் தெரியுமா? (மகளிர் மருத்துவரைக் கடைசியாகப் பார்த்தது சின்னவள் பிறந்தபோது. அவளுக்கு இப்போது 13.)

பதில்: அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்று ஸ்வீடனில் நடந்த குடும்ப ஆய்வுகள் காட்டின. கிருமியை உடம்பு அடையாளம் காண உதவும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுவது அதற்கு ஒரு காரணம். ஆனாலும் எச்பிவி என்ற வைரஸ் தொற்றாமல் இந்த நோய் வருவது மிக அபூர்வம். அதைக் கண்டுசொன்ன ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பார்ப்பதுபோல இதற்கென்று வழக்கத்தில் மரபணுப் பரிசோதனை கிடையாது.

அந்த வைரஸ் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது தொற்றும். யாருடைய நடத்தைக்கும் அது சாட்சி இல்லை. அநேகருக்கு இரண்டு வருடத்துக்குள் தானே போய்விடும். போகாமல் தங்கினால் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் சின்ன சிகிச்சையோடு போய்விடும். அந்த அவகாசத்தில்தான் 13 வருடம் சும்மா இருந்திருக்கிறீர்கள்!

பிள்ளைகளுக்குத் தும்மல் வந்தாலே டாக்டரிடம் ஓடியிருப்பீர்கள். தன் உடம்பு என்றால் மட்டும் "அப்புறம் பார்க்கலாம்". இதைத் தியாகம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தாயில்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பரிசோதனை சில நிமிட வேலை. சின்ன பிரஷ்ஷைக் கர்ப்பப்பை வாயில் ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள், அவ்வளவுதான். கூச்சமாக இருந்தால், மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கும் முறை உண்டா என்று கேளுங்கள். 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இடையில் ரத்தக்கசிவு தெரிந்தால் அதுவரை காத்திருக்கவே கூடாது.

சின்னவளின் வயதை எழுதியது நல்லதாயிற்று. எச்பிவி தடுப்பூசிக்கு ஏற்ற வயது 9 முதல் 14. மூத்த பிள்ளையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கும் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டி எதனால் இறந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சித்திக்கு மகள்கள் இருந்தால் இன்றே போன் போடுங்கள்.