இறால் குட்டையில நட்ட சுரபுன்னை சித்திரையில கருகுது: மண்ணா, உப்பா?

கேள்வி: முத்துப்பேட்டை பக்கம் இறால் குட்டை வச்சிருந்தேன், இப்ப ரெண்டு குட்டை சும்மா கெடக்கு. பிச்சாவரத்து அலையாத்திக் காடு மாதிரி வரட்டும்னு புரட்டாசியில சுரபுன்னை காய் வாங்கி உள்ளயும் கரை மேலயும் நட்டேன். தை வரைக்கும் இலை விட்டு ஜோரா நின்னுச்சு, பங்குனி சித்திரையில இலை ஓரம் கருகி பாதிக்கு மேல போயிடுச்சு. கழித் தண்ணிய டெஸ்ட் பண்ணா உப்பு 30 பிபிடி (ஆயிரம் பங்கு தண்ணியில 30 பங்கு உப்பு) தான் காட்டுது. உப்புல வளர்ற மரம் தானே, ஏன் சாகுது? உரம் போடலாமா?

பதில்: வணக்கம் அண்ணே. உரம் வேண்டாம், அது பிரச்சினையே இல்ல. நீங்க கழித் தண்ணியில உப்பு பாத்தீங்க, கன்னு குடிக்கிறது கழித் தண்ணிய இல்லண்ணே, வேருக்குப் பக்கத்துல மண்ணுக்குள்ள இருக்கற தண்ணிய. கன்னு பக்கத்துல ஒரு அடி ஆழம் குழி தோண்டி விட்டுட்டு, ஊறி வர்ற தண்ணிய எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர்ல, அதான் உப்பு அளக்கற கருவியில, வச்சுப் பாருங்க, அதுவும் சித்திரையில பாருங்க. கடல் தண்ணியே 35 தான், ஆனா வெளிய போக வழியில்லாம தேங்கி நின்னு வெயில்ல வத்துற குட்டை மண்ணுல அதையும் தாண்டி எங்கயோ போயிருக்கும்.

தை வரைக்கும் நல்லா நின்னுச்சேன்னு கேக்குறீங்க, அதான் எல்லாரையும் ஏமாத்துற இடம். சுரபுன்னை காய் மரத்துலயே முளைச்சு நீளமா வளர்ந்து விழுறதால முதல் சில மாசம் அதுக்குள்ள இருக்கற சேமிப்புலயே கன்னு ஓட்டிடும், அப்ப மழைக்காலம் வேற, மண்ணுல உப்பும் கொறவு. சேமிப்பு தீர்ந்து வேர நம்பி வாழ வேண்டிய நேரத்துல தான் கோடை வருது, உப்பு ஏறுன மண்ணுல இருந்து வேரால தண்ணி இழுக்க முடியல, புது இலை சின்னதா தடிப்பா வருது, பழைய இலையில உப்பு சேந்து ஓரத்துல இருந்து கருகுது. உப்புல வாழ்ற மரம்ங்கறது சரி தான், ஆனா உப்பு கூடக் கூட நல்லா வளரும்னு அர்த்தம் இல்ல, கன்னு வேகமா வளர்றது கடல் உப்புல பாதியோ அதுக்கும் கொறவோ இருக்கற இடத்துல தான்.

இதுல மண்ணு எங்க வருதுன்னா, ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில உருட்டிப் பாருங்க. கயிறு மாதிரி நீளமா வந்தா களி, உதிர்ந்தா மணல். களியில சத்து நிக்கும், கன்னு ஆடாம நிக்கும், ஆனா உப்பையும் விடாது, மேல பாளம் பாளமா வெடிச்சு வெள்ளையா பூத்திருந்தா அது தான். மணல்ல உப்பு சீக்கிரம் கழுவிப் போகும், சத்தும் கூடவே போயிடும், கன்னு உசிரோட இருந்தாலும் குட்டையாவே நிக்கும். வண்டல் கலந்த களி, தெனம் கடல் ஏத்தத்துல நனைஞ்சு வத்தத்துல வடியணும், அது தான் அருமையான இடம். களி கருப்பா அழுகின முட்டை நாத்தம் அடிச்சா அங்க தண்ணி நின்னு காத்தே போகலன்னு அர்த்தம், வேர் கருத்துடும்.

கரை மேல செத்தது வேற கதையா இருக்கலாம். ஆழத்துல இருந்து வெட்டிப் போட்ட சில கழிமுக மண்ணுல கந்தகம் இருக்கும், காத்து பட்டா அது அமிலமா மாறிடும். காஞ்ச கட்டியில வைக்கோல் கலர்ல மஞ்சப் பொட்டும், ஓரத்துல துருத் தண்ணியும் தெரிஞ்சா பிஎச் (மண்ணோட அமிலத் தன்மை அளவு, கொறையக் கொறைய அமிலம் கூட) பாருங்க, 4க்கு கீழ இருந்தா அங்க இப்ப எதையும் நடாதீங்க.

முத்துப்பேட்டையில இது புதுசும் இல்லண்ணே. வெள்ளக்காரன் காலத்துல கூப்பு கூப்பா, அதாவது பகுதி பகுதியா, காட்ட வெட்டினதுல மண் காஞ்சு உள்வாங்கி தாம்பாளம் மாதிரி பள்ளமாச்சு, ஏறுன தண்ணி திரும்பாம உப்பு ஏறி மொட்டையாவே கெடந்துச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேந்து மீன் முள்ளு மாதிரி நடுவுல பெரிய வாய்க்கால், சாய்வா கிளை வாய்க்கால்னு வெட்டி தண்ணிய போக வர விட்டாங்க, உப்பு எறங்குச்சு, வாய்க்கால் ஓரமா நட்ட வெண்கண்டல்ங்கற இன்னொரு அலையாத்தி மரம் பிடிச்சுக்கிச்சு. நீங்களும் முதல்ல கரைய ரெண்டு இடத்துல உடைச்சு விடுங்க, வத்தத்துல ஒரு சொட்டு தேங்காம வெளிய போகற மட்டத்துக்கு வாய்க்கால் எடுங்க, சரிவா வெட்டுங்க, இல்லன்னா இடிஞ்சு விழும். ஒரு மழைக்காலம் முழுக்க கழுவ விட்டுட்டு திரும்ப உப்பு பாருங்க.

அப்புறம் மரத்தையும் மாத்துங்க. நம்ம பக்கம் காடு பூரா நிக்கிறது வெண்கண்டல், அதுக்கு இலையிலயே உப்பை வெளிய தள்ளுற சுரப்பி இருக்கு, இலைய நக்கிப் பாத்தா கரிக்கும். கடல் தண்ணியைவிட உப்பு கூடின மண்ணுலயும் தாக்குப் பிடிக்கும். சுரபுன்னை உப்பை வேர்லயே தடுத்து நிறுத்துற மரம், அதுக்கு ஆத்துத் தண்ணி கலக்குற சேறு தான் புடிக்கும், வாய்க்கால் விளிம்புல மட்டும் வைங்க. வெண்கண்டல் விதை ஆவணி புரட்டாசியில விழும், காட்டுக்குள்ள போய் எடுக்கறதுன்னா வனத்துறை அனுமதி வாங்கிக்கங்க. தண்ணியில ஊறப்போட்டு தோல் கழண்டதும் பையில கழி வண்டல் நிரப்பி வளருங்க, முதல்ல உப்பு கொறைஞ்ச தண்ணி ஊத்தி, நடறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா கழித் தண்ணிக்கு பழக்குங்க. மாடு ஆடு வெண்கண்டல் தழைய விடாது, வேலி கட்டாயம்.

குழித் தண்ணியோட உப்பு அளவும், கரை மண்ணோட பிஎச்சும் பாத்துட்டு எழுதுங்க, எத்தனை வாய்க்கால் வேணும்னு அத வச்சு சொல்றேன்.