சங்குத் தண்ணீரும் சண்டையும்

கேள்வி: பேரனுக்கு மூன்று மாதம். கத்திரி வெயிலில் ஒரு சங்கு தண்ணீர் புகட்டப் போனால் மருமகள் தடுக்கிறாள். 1980களில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் நான். "மனசைக் கொஞ்சம் திறந்து வையும்மா" என்று மகன் வேறு புத்தி சொல்கிறான். 66 வயதில் இனி நான் மாற வேண்டுமா?

பதில்: இந்த விஷயத்தில் மாறத்தான் வேண்டும். வயதைச் சாக்குச் சொல்லாதீர்கள்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். கேட்கும்போதெல்லாம் பால் கொடுத்தால் வெயில் தாகமும் அடங்கிவிடும். சங்குத் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிவிடும். பிள்ளை பால் குடிப்பது குறையும். சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும். தண்ணீர் சுத்தமில்லையென்றால் பேதி வேறு. தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலம் 4 முதல் 6 மாதம் என்றிருந்த உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, முழு 6 மாதமாக மாறியது 2001இல். உங்கள் பிள்ளைகள் அப்போது பள்ளி, கல்லூரியில் இருந்திருப்பார்கள். நீங்கள் கற்றது அன்றைய பாடம். அதன் தேதியைப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மகனுக்கும் ஒரு வார்த்தை: புதுசெல்லாம் சரி என்பது திறந்த மனசு இல்லை. ஒரு காலத்தில் டின் பால் பவுடரும் புதுசுதான். அதை வேண்டாமென்ற பாட்டிகள் பக்கம்தான் நியாயம் இருந்தது. பவுடர் விளம்பரத்துக்குக் கடிவாளம் போட 1992இல் இந்தியாவில் சட்டமே வந்தது.

எதற்காகவாவது பிடிவாதம் பிடிக்கும்போது, அதை எந்த வருஷம், யாரிடம் கற்றேன், எதைக் கண்டால் விடுவேன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அது வெறும் வீம்பு. டார்வின் தன் முடிவுக்கு எதிரான செய்தி கண்ணில் பட்டால் அப்போதே குறித்துவிடுவார்; சாதகமானதைவிட அது சீக்கிரம் மறந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு 'ஆமாம்' போடும் எதிர்வீட்டு அக்காவிடமே போய்க் கேட்டால் இந்தத் தாள் நிரம்பாது.

உங்கள் பயத்தையும் சோதித்துப் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் பேரன் 6 முறையாவது வெளிர் நிறத்தில் மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. குறைந்தால் சங்கை எடுக்காதீர்கள், டாக்டரிடம் தூக்கிப் போங்கள். 14ஆவது வாரத் தடுப்பூசிக்கு மருமகளோடு நீங்களும் போய், எடை போடும்போது பக்கத்தில் நின்று நர்ஸிடம் நேரிலேயே கேளுங்கள்.